வீடு திரும்பும் ஊழியன்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தபடி, நம் சபையின் ஆதரவில் வடக்கே ஊழியம் செய்துவரும் குடும்பம் அடுத்த மாதம் விடுமுறைக்கு நம்மிடம் வருகிறது. அவர்கள் புறப்பட்டுப்போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அவர்களை எந்தெந்தக் கூட்டங்களில் பேசவைப்பது, ஆண்கள் ஐக்கியத்துக்கு எந்த நாள், பெண்கள் ஐக்கியத்துக்கு எந்த நாள், படக்காட்சி எந்த வாரம் என்று இப்போதே பலர் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் ஆர்வத்துக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனாலும் அந்தப் பட்டியலை எழுதுமுன், வீடு திரும்பும் ஒரு மிஷனெரியைக் குறித்து உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன். நானும் ஒருகாலத்தில் அப்படித் திரும்பி வந்தவன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனத்தை நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். பவுலும் அவருடைய கூட்டத்தாரும் சீப்புருதீவிலிருந்து கப்பலேறி, பம்பிலியாவிலிருக்கும் பெர்கே பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே, மாற்கு என்று அழைக்கப்பட்ட யோவான் அவர்களைவிட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிப்போனான். ஏன் போனான் என்று லூக்கா எழுதவில்லை. பிரசங்கிகளாகிய நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறோம். மலைப்பாதையைக் கண்டு பயந்தான் என்பார் ஒருவர். பவுல் முன்னணிக்கு வந்தது பிடிக்கவில்லை என்பார் இன்னொருவர். பவுலுக்கே அந்தப் பிரிவு வருத்தமாயிருந்தது என்பதை 15-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

மாற்கைக் கடிந்துகொள்ளும் பிரசங்கங்களைக் கேட்கும்போது என் மனம் பெர்கேயில் நிற்பதில்லை. அவன் எந்த வீட்டுக்குத் திரும்பினான் என்பதற்குப் போய்விடுகிறது. அந்த வீட்டை நமக்குத் தெரியும். பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட இரவில் வந்து கதவைத் தட்டிய வீடு அது. அநேகர் கூடி ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தார்கள். ரோதை என்னும் பெண் பேதுருவின் சத்தத்தை அறிந்து, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடினாள். அது மாற்குவின் தாயாகிய மரியாளின் வீடு. பெர்கேயிலிருந்து எருசலேமுக்குப் போன அந்த வாலிபனுக்கு அம்மாவின் வீடு இருந்தது. அது ஜெபிக்கிற வீடாகவும் இருந்தது. அங்கே அவனுக்கு என்ன நடந்தது, அம்மா என்ன கேட்டாள் என்பதை வேதம் சொல்லவில்லை. ஆனால் பர்னபா மறுபடியும் அவனை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, சிறையிலிருந்த பவுல், மாற்கை அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். அவன் தமக்கு ஊழியத்தில் பிரயோஜனமானவன் என்றும் குறிப்பிட்டார். பெர்கேக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது. அதை நான் லேசாக எண்ணுவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கங்கை தெற்கு நோக்கித் திரும்பும் இடத்தருகே ராஜ்மகால் மலைகள் இருக்கின்றன. அங்கே மால்டோ மக்கள் வாழ்கிறார்கள். வெளியார் அவர்களைப் பஹாரியா என்பார்கள். நானும் என் மனைவியும் அவர்கள் நடுவே 11 ஆண்டுகள் இருந்தோம். சிற்றூர்கள் மலையின் உச்சியில் இருக்கும். தண்ணீரோ கீழே ஊற்றில் இருக்கும். சரிவுகளில் மக்காச்சோளமும் தட்டாம்பயறும் விளைவிப்பார்கள். சந்தை நாளில் விறகுக்கட்டையும் பயற்றையும் சுமந்துகொண்டு இறங்கிப் போவார்கள். பயற்றுக்கு விலை சொல்வது பெரும்பாலும் வாங்குகிறவன்தான்.

நம்மில் பலர் அறியாத ஒரு காரியம், அவர்களுடைய மொழி தமிழுக்கு உறவுள்ள மொழி என்பது. திருநெல்வேலியில் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1875-இல் விரிவாக்கியபோது, இந்த ராஜ்மகால் மொழியையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துக் கூறினார். நாங்கள் மொழி கற்கத் தொடங்கிய நாட்களில் எல்லாமே அந்நியமாகக் காதில் விழுந்தன. ஒருநாள் மூப்பர் ஒருவர் 'நாம்' என்றார். அதே சொல்; பொருளும் அதேதான். கேட்கிறவரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளுகிற சொல். கேட்கிறவரை விலக்கிச் சொல்ல அவர்களுக்கு 'ஏம்' என்று வேறொரு சொல் உண்டு. நம் பழந்தமிழின் 'யாம்' போன்றது. இந்தியில் இந்த வேற்றுமை இல்லை. வங்காளத்தில் இல்லை. எங்கள் ஊருக்கும் அந்த மலைக்கும் நடுவே மூன்று ரயில்களின் தூரம் இருந்தும், இந்த ஒரு சொல் இரண்டு இடத்திலும் இருந்தது. அன்று இரவு நானும் என் மனைவியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஏழாம் ஆண்டின் மழைக்காலம் கடினமாயிருந்தது. அந்த மாவட்டங்களில் மலேரியாவோடு கருங்காய்ச்சல் என்னும் காலா அசாரும் உண்டு. மணல் ஈ என்னும் மிகச் சிறிய பூச்சியின் கடியால் வருவது. காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது; மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும்; உடல் கருத்து மெலியும். மருத்துவம் உண்டு, ஆனால் அந்நாட்களில் அது நாள்தோறும் ஊசியாக, பல வாரம் போடவேண்டிய மருத்துவம். மலை உச்சியிலிருந்து அதற்காக இறங்கி வந்து தங்க எத்தனை பேரால் கூடும்? அந்த ஆண்டு எங்கள் சிற்றூரில் இரண்டு பிள்ளைகள் மரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, அவ்வூரில் முதலாவது விசுவாசித்த குடும்பத்தின் மகள். ஏழு வயதிருக்கும். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நால்வர் தோளில் சுமந்து மழையில் இறங்கினோம். மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தாள்.

அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசினேன். பேசிய ஒவ்வொன்றையும் விசுவாசித்தே பேசினேன். அவளுடைய தகப்பனைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஆனால் ஊழியக்காரன் சாய ஒரு தோள் அங்கே இல்லை. அதே மாதம் பள்ளிக்கூடத்தின் கூரை சரிந்தது. உடன் ஊழியம் செய்த வாலிபன் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினான். அக்டோபரில் எங்களுக்கு நாற்பது நாள் விடுமுறை கிடைத்தபோது, என் பையில் எழுதி முடித்த விலகல் கடிதம் ஒன்று இருந்தது. மனைவிக்கு அது தெரியும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஹவுராவில் ரயில் மாறி, சென்னையில் ரயில் மாறி, தேரிக்காட்டு ஓரத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் வாரம் சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. மனைவி தன் தாய்வீட்டில் மூன்று நாள் தூங்கினாள். அப்பா பனையேற்றத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தாலும் விடியுமுன் எழுந்து முற்றத்தில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று நால்வர் கேட்டார்கள். எண்ணிக்கையைச் சொன்னேன். ஸ்தோத்திரம் என்றார்கள். அவர்கள் நல்லவர்கள், சங்கக் காணிக்கைப் பெட்டியில் தங்கள் கருப்பட்டிக் காசைப் போடுகிறவர்கள். 1903-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிய நாள்முதல், எங்கள் பக்கத்து ஊர்கள் பிள்ளைகளையும் காசையும் வெளியே அனுப்பிப் பழகியவை. ஆயினும் அன்று பகல் வீட்டுக்கு நடந்து வந்தபோது, அந்த எண்ணிக்கையில் அவள் சேர்ந்தவளா, சேராதவளா என்பதே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். எங்கள் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை வாசித்துக் காட்டுவாள். ஏழு ஆண்டுக் கடிதங்களும் நூலால் கட்டப்பட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. மலையிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் அம்மாவுக்கு மனப்பாடம். உச்சரிப்புத்தான் வேறு. மால்டோப் பெயர்களை நம் ஊர்ப் பெயர்களாக்கி வைத்திருந்தாள். கர்த்தருக்கு ஆள் அடையாளம் தெரியும் என்று அப்பா கேலி செய்வார். அந்தச் சிறுமியைப் பற்றி என் மனைவி நிறைய எழுதியிருந்தாள். அவள் எங்கள் வீட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடுவதையும், முறுக்கு வாங்கித் தின்பதையும் எழுதியிருந்தாள். அதைக் கேட்டு அம்மா, முந்தின ஆண்டு ஊர்த் தையல்காரரிடம் சிவப்புக் கவுன் ஒன்று தைத்துப் பார்சலில் அனுப்பியிருந்தாள். அவள் மரித்த செய்தியை நாங்கள் கடிதத்தில் எழுதவில்லை. நேரில் சொல்வோம் என்றிருந்தோம்.

திங்கட்கிழமை பிற்பகல் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏ ஐயா, அந்தச் செவத்தக் கவுன் அவளுக்கு இன்னும் பத்துதா? வளந்திருப்பாளே."

சொன்னேன்.

முறம் நின்றது. வெகுநேரம் அம்மா பேசவில்லை. பிறகு, "அந்தக் கவுனைப் போட்டுத்தான் அனுப்புனீங்களா?" என்றாள். ஆம் என்றேன். முறத்தை அப்படியே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பா தோட்டத்திலிருந்து வந்து, புகையில்லாத அடுக்களையைப் பார்த்து, யார் என்று கேட்டார். "நம்ம பேத்தி" என்றாள் அம்மா. எங்களுக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள், பிள்ளையில்லை. அந்த வீட்டில் பேத்தி என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். அப்பா தோள்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு தூக்குச்சட்டி நிறையக் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தார்கள். துக்க வீட்டுக்குக் கொண்டுவருவது போலவே. பின்பு ஒவ்வொருவராய் வந்தார்கள். அவளுக்கு என்ன காய்ச்சல், எத்தனை நாள் கிடந்தாள், கடைசியில் பேசினாளா, அவள் அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கையைக் கேட்ட நால்வரில் ஒருவரும் அங்கே இருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்களில் ஒருவரும் அந்தப் பிள்ளையைக் கண்டதில்லை. ராஜ்மகால் எந்தத் திசை என்றுகூட அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவள் மரித்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, அந்தத் திண்ணையில்தான் நான் முதன்முதலாக அழுதேன்.

எனக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. ஊழியத்தை விடாதே என்று அப்பா சொல்லவில்லை. விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. பவுல் கைதியாக ரோமாபுரியை நெருங்கியபோது, சகோதரர் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், வேறு சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள் என்று நடபடிகள் 28-ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்பியுபுரம் ரோமாபுரியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. பவுல் அவர்களைக் கண்டார், கண்டு தைரியங்கொண்டார். புயலையும் கப்பற்சேதத்தையும் கடந்து வந்தவருக்குச் சில முகங்கள் போதுமாயிருந்தன. ரோமர் 16-இல் ரூபுவின் தாயைத் தமக்கும் தாய் என்று அவர் வாழ்த்துவதை நான் இப்போது வேறுவிதமாய் வாசிக்கிறேன். அந்தப் பெண் பவுலுக்கு என்ன செய்தாள்? ஒருவேளை ஒருநாள் அவருக்காக அடுப்பு மூட்டாமல் இருந்திருப்பாளோ?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வீடு திரும்பும் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. வில்லியம் கேரி 1793-இல் புறப்பட்டு வந்தவர் 1834-இல் செராம்பூரில் மரிக்கும்வரை ஊர் திரும்பவேயில்லை. பர்மாவுக்குப் போன அதோனிராம் ஜட்சன் 33 ஆண்டுகளுக்குப் பிறகு, 1845-இல், முதல்முறையாகத் தாய்நாடு திரும்பினார். வழியில் செயின்ட் ஹெலனா தீவில் மனைவியை அடக்கம்பண்ணினார். பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே மரித்திருந்தார்கள். தொண்டை நோயினால் அவருடைய குரல் கிசுகிசுப்பாகிவிட்டிருந்தது. அவர் சொன்னதை இன்னொருவர் உரக்கச் சொல்ல, பெருங்கூட்டங்கள் கேட்டன. அந்தக் கூட்டங்களைக் காட்டிலும் ஒரு திண்ணை அவருக்கு ஆறுதலாயிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கலபாரில் ஊழியம் செய்த மேரி ஸ்லெசர், தாம் காப்பாற்றி வளர்த்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு 1883-இல் ஸ்காட்லாந்திலுள்ள தம் தாயிடம் போனார். 1886-இல் தாயும் தங்கையும் சில மாத இடைவெளியில் மரித்தபோது, இனித் தமக்காகக் கவலைப்பட வீட்டில் எவருமில்லை, உள்நாட்டுக்குப் போகத் தடையுமில்லை என்ற கருத்தில் எழுதினார். அதை வீரம் என்று பாராட்டுகிறோம். நான் அதில் ஒரு மகளின் அழுகையையும் கேட்கிறேன்.

நம் காலத்திலும், வீடு திரும்பினால் 'ஒழுங்கான வேலை எப்போது' என்று கேட்கும் உறவினர்கள் உண்டு. உடன்படித்தவன் கட்டிய மாடிவீட்டைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. ஆகையால்தான் இதை வீட்டாருக்கு மட்டும் எழுதாமல் சபைக்கு எழுதுகிறேன். வரப்போகும் நம் ஊழியருடைய தாயார் சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அடக்கத்துக்கு அவரால் வந்துசேர முடியவில்லை. அந்த வீடு இப்போது பூட்டிக்கிடக்கிறது.

சேகரக் கமிட்டியில் பேசி, முதல் இரண்டு ஞாயிறும் அவரைப் பிரசங்கபீடத்தில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் குடும்பத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து நற்கருணை பெறட்டும். படக்காட்சி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. அதற்குள், இந்த ஐந்து ஆண்டுகளில் அவர் அனுப்பிய ஜெபக் கடிதங்களை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆலய அலுவலகத்தில் கோப்பில் இருக்கின்றன. அவற்றில் பெயர்கள் இருக்கின்றன. அவர் வீட்டு வாசலுக்கு நீங்கள் போகும்போது அந்தப் பெயர்களில் ஒன்றையாவது கேளுங்கள். அவரது பூட்டிய வீட்டைத் திறந்து பெருக்கி வைக்க இரண்டு குடும்பங்கள் முன்வந்திருக்கிறார்கள், இன்னும் வேண்டும்.

என் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாள் முடிந்து புறப்பட்டோம். சென்னையில் ஹவுரா ரயிலுக்குக் காத்திருந்தபோது, மலைக்கு வாங்கிப்போக வேண்டிய மருந்துகளை எழுத மனைவி தாள் கேட்டாள். பையில் கைவிட்டேன், அந்தக் கடிதம்தான் வந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினாள். மருந்துக் கடையில் அதை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மலையில் எதுவும் மாறியிருக்கவில்லை. பள்ளிக்கூடக் கூரை விழுந்தபடியே கிடந்தது. அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய், எங்கள் ஊரில் நடந்ததைச் சொன்னேன். ஒருநாள் அடுப்பு மூட்டவில்லை என்பதையும், பெண்கள் கஞ்சி கொண்டுவந்ததையும் சொன்னேன். என் அம்மா அவளை யார் என்று சொன்னாள் என்பதையும் சொன்னேன். அதை மால்டோவில் சொல்ல அந்த 'நாம்' என்ற சொல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தகப்பன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாய் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு படி தட்டாம்பயறு இருந்தது. எங்கள் அம்மாவுக்கு என்றாள். சந்தையில் விற்றிருந்தால் அவர்களுக்கு ஒரு வாரத்து உப்பும் எண்ணெயும் ஆகியிருக்கும்.

தெற்கே விடுமுறைக்குப் போன ஓர் ஊழியர் கையில் அதைக் கொடுத்தனுப்பினோம். ஒரு மாதம் கழித்து அம்மாவிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையின் கையெழுத்தில். பயறு வந்து சேர்ந்ததாம். நம் ஊர்ப் பயறுபோல் சீக்கிரம் வேகவில்லையாம். இரவே ஊறப்போட வேண்டுமா என்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டு எழுதவும் என்றிருந்தது.